போகிற வீட்டில் தேத்தண்ணி குடியுங்கள்

எங்கள் பங்கில், ஏழை வீடுகளுக்குப் போய்ப் பார்த்து உதவுகிற வின்சென்ட் டி போல் சபைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "அன்ரி, எவ்வளவு சாமான் கொண்டுபோக வேணும்?" என்றுதான். ஆவணி மாதம் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்து இறங்குகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஐம்பது பொதி காணுமா, அரிசி ஐந்து கிலோவா பத்துக் கிலோவா, பால்மாவும் போடுவமா? சாமான் கணக்கைப் பிறகு பார்க்கலாம். போகிற வீட்டில் தருகிற தேத்தண்ணியை நீங்கள் குடிப்பீர்களா? குடிப்பேன் என்றால் மேலே வாசியுங்கள். யோசிக்க வேண்டும் என்றாலும் வாசியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தபால் கந்தோர் வேலையில் இருந்து ஓய்வெடுத்தவள். வலிகாமத்துக்காரி. சபையின் கொப்பி எழுதுவது என் பொறுப்பு. இறையியல் படிப்பு ஒன்றும் கிடையாது. பூசையில் கேட்டதும், ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போய்ப் பார்த்ததும்தான் எனக்குத் தெரியும்.

தேத்தண்ணியில் என்ன இருக்கிறது என்று வெளியூர் ஆட்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் அம்மம்மா காலத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி. அம்மா காலத்தில் தாவாரத்தில் செருகி வைத்த தனிப் பேணி. கடைகளில் தனிக் கிளாஸ், இல்லாவிட்டால் சோடாப் போத்தல். போத்தலுக்குத் தீட்டு இல்லையாம். சாதி பார்த்துக் கடையிலும் கிணற்றிலும் கோயிலிலும் மறிப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது. வந்தும் என்ன, 1960களின் கடைசியில் சங்கானை, சாவகச்சேரிப் பக்கங்களில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்து குடிப்பதற்கே சனம் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கோயில் வாசல் போராட்டம் 1968 இல். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு இதில் பங்கில்லை என்று கைகழுவவும் முடியாது. எங்கள் கோயில்களுக்குள்ளேயே இன்னார் இன்ன பக்கம் என்று இருந்ததைக் கண்ட கிழவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

இன்று சிரட்டை இல்லை. ஆனால் பொதியை நீட்டிவிட்டு, "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று படலையடியிலேயே திரும்புகிற பழக்கம் இருக்கிறது. சொல்கிறவருக்கு அது ஒரு சாட்டு. கேட்கிறவருக்கு அது என்ன என்று நன்றாகத் தெரியும். கொண்டுபோன பத்துக் கிலோ அரிசியும் அந்த ஒரு சொல்லில் செலவழிந்து போகும்.

யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் இயேசு சமாரியப் பெண்ணுக்கு முதலில் எதையும் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். உச்சி வெயில், கிணற்றடி, அவரிடம் மொள்ள ஒரு பாத்திரமும் இல்லை. யூதரும் சமாரியரும் புழங்காத காலம். யூதரான நீர் என்னிடம் தண்ணீர் கேட்பது எப்படி என்று அந்தப் பெண்ணே திகைக்கிறாள். பிறகு அந்த ஊரில் இரண்டு நாள் தங்குகிறார். இரண்டு நாள் என்றால் அவர்களுடைய சட்டியில் வெந்ததைச் சாப்பிட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஊர் வெறுத்த வரிகாரன் சக்கேயு வீட்டுக்கும் அப்படித்தான். ஒருவரும் கூப்பிடாமல், இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று தானே சொல்லிக்கொண்டு போனார். ஊர் முணுமுணுத்தது. நம் சபை வேலைக்கு நான் அளவுகோலாக வைத்திருப்பது இந்த இரண்டு இடங்களையும்தான்.

போவதற்கு முன்

விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) ஒரு பட்டியல் இருக்கும், பங்கு அலுவலகத்தில் ஒன்று இருக்கும். இரண்டையும் வாங்குங்கள். வாங்கிவிட்டு, அதில் பெயர் வராதவர்கள் யார் என்று பாருங்கள். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் படித்தால், எருசலேமின் முதல் சபையிலேயே கிரேக்கம் பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போனது தெரியும். திருத்தூதர்கள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதவில்லை. ஏழு பேரைப் பங்கீட்டுக்கு அமர்த்தினார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடக்கம் ஏழு பேருடைய பெயரும் கிரேக்கப் பெயர். விடுபட்ட பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். ஆகவே உங்கள் பட்டியலைப் போடுகிற மேசையில் விடுபட்டவர்களின் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும். அவருக்கு முழு வாக்கும் வேண்டும், கொப்பியைப் பார்க்கிற உரிமையும் வேண்டும்.

விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக் காணி இல்லாதவர்கள். 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து போரால் இடம்பெயர்ந்த சனத்தில், காணி உள்ளவர்கள் காணிகள் விடுவிக்கப்பட விடுவிக்கப்படத் தங்கள் வளவுக்குத் திரும்பினார்கள். போவதற்கு வளவே இல்லாதவர்கள் போர் முடிந்து பல வருடம் கழிந்தும் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் இருந்தார்கள். நிரந்தர விலாசம் இல்லாவிட்டால் பட்டியலுக்குள் வருவதே பாடு.

இரண்டு பேராகப் போங்கள். ஐந்து பேராகப் போனால் அது ஊர்வலம். 1833 இல் பாரிசில் இந்தச் சபையைத் தொடங்கியபோது பிரெடரிக் ஓசனாமுக்கு வயது இருபது, பல்கலைக்கழக மாணவன். ஏழைகளை எப்படிப் பார்ப்பது என்று அந்தப் பெடியன்களுக்குத் தெரியாது. அந்த நகரத்தின் மிக வறிய பகுதியில் வேலைசெய்த சகோதரி ரோசலியிடம் போய்த்தான் பழகினார்கள். வீட்டுக்குப் போய்ச் சந்திப்பது அன்றிலிருந்து சபையின் முதல் வேலை. பொதி அனுப்புவது வேறு, போவது வேறு.

நேரம் முக்கியம். கடற்றொழிலாளி வீட்டுக்கு விடியப் போகாதீர்கள், இரவு முழுக்கக் கடலில் நின்றவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். சீவல் தொழில் செய்கிறவர் காலையும் மாலையும் மரத்தில். கூலி வேலைக்குப் போகிறவர் ஐந்து மணிக்குப் பிறகுதான் வீட்டில். எந்த வீட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போகவே வேண்டாம். அன்று உலை வைக்காத வீடாக இருந்தால் அவர்களை அம்பலப்படுத்தியதாகிவிடும். மற்ற வீடுகளுக்குப் பின்னேரம் நாலரை, ஐந்து நல்ல நேரம். வாகனத்தில் வருகிறவர்கள் அதை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். பதாகை, தொப்பி, பெயர் அடித்த ரீசேர்ட் ஒன்றும் வேண்டாம்.

படலையடியில்

படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று கூப்பிடுங்கள். இது எங்களுக்குத் தெரிந்த பண்புதான், ஆனால் உதவி கொண்டு போகும்போது பலருக்கு மறந்துபோகிறது. கையில் பொதி இருந்தால் வீடே தன்னுடையது என்ற நினைப்பு வந்துவிடும் போலும். இணைச்சட்ட நூல் 24 ஆம் அதிகாரத்தில் கடன் கொடுத்தவனுக்கே ஒரு கட்டளை இருக்கிறது: அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கடன் கொடுத்தவனுக்கே அப்படி என்றால் நாங்கள் எம்மட்டு?

கிழமைக் கடன் அறவிட வருகிறவர்கள் காசு வரும்வரை விறாந்தையில் குந்தியிருக்கிற வீடுகளுக்கும் நீங்கள் போக வேண்டியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் படலைச் சத்தம் கேட்டாலே பின்பக்கத்தால் போய்விடுவார்கள். ஆகவே கூப்பிடும்போதே பெயரைச் சொல்லுங்கள்: "அக்கா, நான் கோயில்லயிருந்து, இன்னார் வந்திருக்கிறன். சும்மா பாக்க வந்தனாங்கள்." அந்த "சும்மா" உண்மையாக இருக்கட்டும். முதல் தடவை ஒன்றும் கொண்டு போகாதீர்கள். சிலருக்கு இது பிடிக்காது, வெறுங்கையோடு எப்படிப் போவது என்பார்கள். முதல் நாள் கொண்டு போன பொதியோடு நீங்கள் யார் என்பதும் முடிவாகிவிடும். பிறகு எத்தனை முறை போனாலும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் சொல்லவேண்டும். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி, நீ போட்டுக் கூப்பிடுகிற வழக்கம் சில ஒழுங்கைகளைப் பொறுத்தமட்டில் இன்னும் முழுதாகப் போகவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளே, எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஐயா, அண்ணை, அக்கா, ஆச்சி. வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ. உங்கள் சித்தப்பாவிடம் எப்படிக் கதைப்பீர்களோ அப்படி.

உள்ளே கூப்பிட்டதும் ஒரு பிளாஸ்டிக் கதிரை வரும். துவாயால் துடைத்துத் தருவார்கள். இருங்கள். துடைக்க முன்னமே இருந்தால் இன்னும் நல்லது. கதிரை ஒன்றுதான் என்றால் மற்றவர் பாயிலோ திண்ணையிலோ இருக்கட்டும். வீட்டுக்காரர் நின்றபடி கதைத்தால் நீங்களும் எழும்பி நில்லுங்கள், அவர் தானாக இருந்துவிடுவார். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, கந்தல்காரனுக்குக் கால்மாட்டில் இடம் என்று யாக்கோபு தன் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் திட்டுவது கதிரையைப் பற்றித்தான்.

இனித் தேத்தண்ணி. கவனமாகப் பார்த்தால், நீங்கள் இருந்து சில நிமிடத்தில் வீட்டுக்கார அம்மா பெடியனைப் பின்னுக்குக் கூப்பிட்டுக் கையில் காசு வைப்பார். அவன் சைக்கிளை எடுப்பான். சந்திக் கடைக்குச் சோடா வாங்கப் போகிறான். எங்கள் கோப்பையில் இவர்கள் குடிக்க மாட்டார்கள், போத்தல் என்றால் குடிப்பார்கள் என்பது அந்த வீட்டின் பழைய அனுபவம். அந்தக் காசு நாளைய பாண் காசாக இருக்கலாம். உடனே மறியுங்கள்: "தம்பி, கடைக்குப் போகவேண்டாம். அக்கா, தேத்தண்ணி வையுங்கோ, வெறுந் தேத்தண்ணி காணும்." அந்த இடத்தில் வீட்டில் ஒரு சின்ன அமைதி வரும். அப்புறம் அடுப்படியில் சருகு முறிகிற சத்தம், கேத்தல் வைக்கிற சத்தம். சீனி இல்லாவிட்டால் பனங்கட்டித் துண்டு ஒன்று கையில் வரும். கடித்துக்கொண்டு குடியுங்கள், உண்மையில் அதுதான் ருசி. சீனி வருத்தக்காரர் முன்கூட்டியே "எனக்குச் சீனி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். குடித்து முடித்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள், நீங்கள் கழுவப் போக வேண்டாம். விருந்தாளி கழுவுவதில்லை.

தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களுக்கு: கொதித்த தண்ணீர்தான். வயிற்றுக்கு ஒன்றும் வராது.

கசநோய்க்காரர் இருக்கிற வீடுகளில் இன்னொரு தனிக் கோப்பை இருக்கும், அது சாதிக்கு இல்லை, வருத்தத்துக்கு. அந்த மனிதர் தன்னுடைய கோப்பையோடு பின் கொட்டிலில் இருப்பார். கசநோய் இருமும்போது காற்றால் பரவுவது. கோப்பையாலோ கோப்பைச் சோற்றாலோ பரவுவதில்லை. மருந்தை ஒழுங்காகத் தொடங்கிச் சில கிழமைகளில் பெரும்பாலானோரிடம் தொற்றும் தன்மை குறைந்துவிடும், ஆனால் ஆறு மாதமும் விடாமல் குடிக்க வேண்டும். தொழுநோய்க்கும் அரசாங்க ஆசுப்பத்திரியில் மருந்து இலவசம், குணமாகும். அவரையும் முன்னுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, ஒன்றாகக் குடியுங்கள். ஆயிரம் பிரசங்கத்தைவிட வீட்டுக்காரருக்கு அது விளங்கும். மாற்கு முதலாம் அதிகாரத்தில் தொழுநோயாளியை இயேசு ஒரு சொல்லால் சுகப்படுத்தியிருக்கலாம். கையை நீட்டித் தொட்டார்.

கதைக்கும்போது வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓடவிடாதீர்கள். ரீவி இருக்கிறது, போன் இருக்கிறது, இவர்களுக்கு எதற்கு உதவி என்கிற கணக்கு வேண்டாம். "என்ன கஷ்டம்?" என்று நேரே கேட்டால் ஒன்றும் வராது, அல்லது பழக்கப்பட்ட அழுகை வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி கிளினிக் நாள், இந்த முறை வலையில் என்ன பட்டது, இப்படிக் கேளுங்கள். கஷ்டம் தானாக வெளியே வரும்.

கொடுக்கிறபோது

இரண்டாவது மூன்றாவது முறைக்குப் பிறகுதான் கொடுக்கிற பேச்சு. நான் பொதிக்கு எதிரி இல்லை. வெள்ளம், புயல் நேரத்தில் பொதிதான் வேண்டும். சாதாரண நாளில் அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது கடன் கொப்பி. ஒவ்வொரு சந்திக் கடையிலும் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் சீனி, மா, பாண், மண்ணெண்ணெய் என்று எழுதி எழுதி ஒரு கட்டத்தில் கடைக்காரர், "இனி முந்தினதைக் கட்டிப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிடுவார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குக் கடையும் இல்லை. வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள்: "கடையில கொஞ்சம் கட்டிவிடட்டோ?" சம்மதித்தால் சனம் இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் பாதியைக் கட்டுங்கள். முழுவதையும் கட்ட வேண்டாம். மிச்சத்தை அவர்கள் கட்டும்போது கடைக்காரரிடம் அவர்களுடைய பேச்சு நிற்கும். நீங்கள் கட்டியதைக் கொப்பியில் வெறும் வரவு என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த நாள் அந்த அம்மா தானே கடைக்குப் போய், தனக்கு வேண்டிய சாமானைத் தானே சொல்லி வாங்குவார். உங்கள் பொதியில் கடலை இருக்கும், அவருக்குத் தேவைப்பட்டது சவர்க்காரமாக இருக்கும்.

பழைய உடுப்பு கொடுப்பதென்றால் தோய்த்து, தெறி பூட்டி, மடித்துக் கொடுங்கள். பெருநாளுக்கு நீங்கள் உடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் அறைக்கு வருகிற மூட்டைகளில் பாதி நிலம் துடைக்கத்தான் உதவும். அதை அனுப்புகிறவர்களை நான் மெச்சமாட்டேன்.

படம் எடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்கள் கேட்பார்கள், கணக்கு வேண்டும் என்பார்கள், நியாயம்தான். கடைத் துண்டையும், பற்றுச்சீட்டையும், கட்டின காசு எவ்வளவு என்பதையும் அனுப்புங்கள். முகத்தை அனுப்ப வேண்டாம். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் போனில் தன் தாய் பொதி வாங்குகிற படத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் சபைக் கூட்டத்தில் இரகசியக் காணிக்கை என்று ஒரு பை சுற்றி வரும். கையை உள்ளே விட்டு எடுப்பதோடு சரி, யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, ஒன்றும் போடாதவரும் கையை விட்டு எடுக்கலாம். சபை தொடங்கிய காலத்தில் இருந்து வருகிற வழக்கம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு உதவி, காசே செலவில்லாதது: கந்தோருக்குக் கூடப் போவது. நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்த காலத்தில் மாதாந்த உதவிப் பணம் கொடுக்கிற நாளில் ஒரு ஆச்சி எப்போதும் சனம் கலைந்த பிறகு, பூட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். அட்டையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருப்பார். கொடுத்த காசை எண்ணவே மாட்டார், தலைப்பில் முடிந்துகொண்டு விறுவிறு என்று போய்விடுவார். அதற்கு ஊர் வைத்த பெயர் பிச்சைச் சம்பளம், அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வரிசையில் யார் நிற்பார்கள்? இப்போது அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் அடையாள அட்டை இல்லாதவர், போரில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர், வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாதவர் எல்லாம் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுப்பது, விதானையாரின் கையெழுத்து, படம், அடையாள அட்டை விண்ணப்பம், கணக்குத் திறப்பது என்று இரண்டு மூன்று நாள் அலைச்சல். அலையுங்கள். பக்கத்துக் கதிரையில் இருங்கள், ஆனால் கதைக்கிறதை அவர்களே கதைக்கட்டும். அலுவலர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால், "அம்மாவிடம் கேளுங்கோ" என்று சொல்லுங்கள்.

கிழமைக் கடனில் மாட்டியவருக்குக் கடன் முழுவதையும் அடைத்துவிடுகிற ஆசை வரும். வேண்டாம். முதலில் கடதாசிகளை எடுத்துப் பார்த்து, எத்தனை இடம், எவ்வளவு வட்டி என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்திருப்பார்கள். "ஏன் எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

போதைத் தூள் பாவிக்கிற பெடியன் இருக்கிற வீட்டில் கையில் காசு கொடுக்க வேண்டாம், நகை, போன் பற்றிய கதையும் வேண்டாம். தாயைப் போய்ப் பாருங்கள். ஊரே அந்தப் படலையைத் தாண்டுவதை நிறுத்தியிருக்கும். பெடியனும் அங்கே இருந்தால் அவனுக்கும் வணக்கம் சொல்லுங்கள், அவ்வளவுதான். திருத்துவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் முற்றத்தில்

அவர்கள் வீட்டுக்குப் போவது பாதி. மற்றப் பாதி இன்னும் கடினம். விருந்து வைத்தால் திருப்பி அழைக்கக்கூடிய நண்பரையும் சொந்தக்காரரையும் பணக்கார அயலவரையும் கூப்பிடாதே, ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் கூப்பிடு என்று லூக்கா 14 இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் அதைச் சாமர்த்தியமாக மாற்றி, ஏழைகளுக்குத் தனியாக ஒரு நத்தார் சாப்பாடு வைக்கிறோம். அவர்கள் மண்டபத்தில், நாங்கள் பரிமாறிவிட்டு வீட்டில் போய்ச் சாப்பிடுகிறோம். கொரிந்தில் ஒருவர் பசியோடு இருக்க இன்னொருவர் குடிவெறியில் இருந்தார் என்று பவுல் கோபப்பட்டது இந்த மாதிரிப் பந்தியைப் பார்த்துத்தான்.

செய்யவேண்டியது எளிது, செய்விப்பது கஷ்டம். பங்குப் பெருநாளோ நத்தாரோ, ஒரே பந்தி. பரிமாறுகிறவர்களும் அதே பாயில் இருந்து சாப்பிட வேண்டும். சமையலை வட்டாரங்கள் முறை வைத்துச் செய்யட்டும், அந்த ஒழுங்கைப் பெண்களும் தங்கள் முறை வரும்போது அடுப்படியில் நிற்பார்கள். இதை ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள், புரட்சி என்று பெயர் வைக்காதீர்கள், பங்குச் சபைக் கூட்டத்தில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். அன்று சிலருக்கு வயிறு சரியில்லாமல் போகும், சிலருக்குத் திடீரென்று விரதம் வரும். வரட்டும். அவர்களோடு சண்டைக்குப் போகாமல் அடுத்த வருடமும் அப்படியே செய்யுங்கள். ஒடியல் கூழ் வைத்தால் வயிறு சரியில்லாதவர்களிலும் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள், இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

உங்கள் வளவில் வேலி அடைக்கிறவர், கிணறு இறைக்கிறவர், ஓலை வெட்டுகிறவர் இருந்தால் அன்றன்றைய கூலியைப் பொழுதுபடமுன் கொடுத்துவிடுங்கள். அதுவும் இணைச்சட்டம் 24 தான். "நாளைக்கு மாத்தித் தாறன்" என்று ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் காட்டுகிறவர்கள் சபைக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கிறார்கள். கூலியை மேசையில் வைத்து எடுக்கச் சொல்லாமல் கையில் கொடுங்கள். தேத்தண்ணி உங்கள் வீட்டுக் கோப்பையில், நீங்கள் குடிக்கிற அதே செற்றில்.

செத்த வீடு

மத்தேயு 25 இல் ஆறு இரக்கச் செயல்கள்தான் வருகின்றன. திருச்சபை ஏழாவதாகச் சேர்த்த அடக்கம் செய்தலைத் தோபித்து நூலில் இருந்து எடுத்தது. தோபித்து பெருநாள் சாப்பாட்டுக்கு இருந்தவர், தன் இனத்தான் ஒருவன் சந்தையடியில் கொலையுண்டு கிடக்கிறான் என்று மகன் வந்து சொன்னதும், ஒரு வாயும் வைக்காமல் எழுந்து போய்ப் பிணத்தை எடுத்தார். அயலார் சிரித்தார்கள்.

ஏழை வீட்டில் சாவு நடந்தால் செய்தி கேட்டவுடன் போங்கள், நாளைக்குப் போவோம் என்று வைக்காதீர்கள். பெட்டிக் காசு பெரிய காசு. மலர்ச்சாலைக்காரரிடம் நீங்கள் போய்க் கதைத்தால், விலை குறைந்த பெட்டியைத் துக்கத்தில் நிற்கிற மகன் தன் வாயால் கேட்க வேண்டியதில்லை. கோயில் மண்டபத்துக் கதிரைகளை அனுப்புங்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், இரவுக்குப் பாணும் சம்பலும், கோப்பியும் அயல்தான் கொடுக்க வேண்டும். அந்த ஒழுங்கைக்கு வெளியில் இருந்தும் வரட்டும். மணி மற்றவர்களுக்கு அடிப்பதுபோல அடிக்கிறதா, பாடல்குழு வந்ததா என்று பாருங்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற சக்கிடுத்தாரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் மறக்க மாட்டார். எங்கள் வாலிபர்கள் நாலு பேர் பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டும், சேமக்காலை வரைக்கும். குழி எந்த மூலையில் வெட்டப்படுகிறது என்பதையும் கேளுங்கள். ஏன் அந்த மூலை என்றும் கேட்கலாம்.

முப்பத்தொராம் நாள் பூசைக்குப் பிறகு பலர் அந்த வீட்டை மறந்துவிடுவார்கள். கொப்பியில் அந்த வீட்டுக்கு இரண்டு மாதம் தள்ளி ஒரு நாளைக் குறித்துவையுங்கள்.

புதிதாக வர விரும்புகிறவர்கள் ஞாயிறு முதற் பூசை முடிய மண்டபத்துப் பின்னறைக்கு வாருங்கள். பெயர்ப் பதிவு, கட்டணம் ஒன்றும் இல்லை. ஒரு சைக்கிள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். முதல் மாதம் நீங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.